நேராக நிற்காத கோடு

வைரஸை அழித்தது சுலபமாக முடிந்துவிட்டது. அழித்த பிறகு கம்ப்யூட்டர் கிடந்த கிடைதான் சியூ-மானுக்குப் பெரிய தலைவலியாகப் போயிற்று.

வினையை வீட்டுக்குள் கூட்டி வந்தவன் அவள் கணவன் தெங்-கோ. ஹுவாலியன் ரயில் நிலையத்தில் டாக்ஸி ஓட்டுகிறவன். சவாரி இல்லாத மத்தியானங்களில் வீட்டுக்கு வந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு பழைய பாட்டுகளைப் பாடுவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பாட்டிலிருந்து பாடகரின் குரலை மட்டும் எடுத்துவிடும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று எங்கேயோ பார்த்து இறக்கிவிட்டான். பாடகரின் குரல் போகவில்லை. சூதாட்ட விளம்பரங்கள் மழைக்கால ஈசல் மாதிரி திரை முழுக்க மொய்த்தன. ஒன்றை மூடினால் இன்னொன்று திறந்துகொண்டது.

"வேணும்னேவா பண்ணேன்? இலவசம்னு போட்டிருந்தான், அ-மான்." செல்லமாக அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

"இலவசம்னு போட்டிருந்தா விஷத்தையும் குடிப்பியா?"

"டம்ளர் அழகா இருந்தா குடிப்பேன்."

சிரிப்பு வந்தாலும் அவள் சிரிக்கவில்லை. அன்று அவளுக்கு விடுமுறை. கண்ணாடிக் கடை ஒன்றில் பார்வை சோதிக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவள், கிடைத்த ஒரு நாளில் காலையிலிருந்து இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைரஸ் தேடும் மென்பொருள் கம்ப்யூட்டரைச் சல்லடை போட்டுச் சலித்து, கண்டதையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டது. களை பிடுங்க விட்ட ஆள் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்ட மாதிரி, நல்ல கோப்புகளும் அதோடு போய்விட்டன. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டபோது விளம்பரங்கள் இல்லை. வைஃபையும் இல்லை, ஸ்பீக்கரில் சத்தமும் இல்லை. எல்லாவற்றையும் விட, பெட்டி இல்லை.

பெட்டி என்றால் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. கூடத்தின் மூலையில் சிமெண்டுத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்குப் போகும். தரை அசைந்தால் அந்தப் பெட்டி உணரும். திரையில் ஒரு கோடு துள்ளும். கிழக்குக் கரையில் இருக்கிற நிலநடுக்க ஆர்வலர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, விருப்பப்பட்டவர்கள் வீட்டில் இப்படி ஒன்றை வைத்துக்கொடுத்திருந்தார்கள்.

சியூ-மான் ஆர்வத்தில் வாங்கியவள் அல்ல. பயத்தில் வாங்கியவள். சில வருஷங்களுக்கு முன் வந்த பெரிய நிலநடுக்கத்தில் அவர்கள் தெருமுனைக் கட்டடம் மண்டியிட்ட யானை மாதிரி முன்பக்கம் சரிந்து நின்றதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால் கட்டில் அசைகிற மாதிரி இருக்கும். எழுந்து உட்கார்ந்தால் நாற்காலி அசைகிற மாதிரி இருக்கும். நிஜமாக அசைகிறதா, தன் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறதா என்று தெரியாமல் அவள் தவித்துப் போனாள். பெட்டி வந்த பிறகுதான் தெளிவு கிடைத்தது. திரையில் கோடு நேராக இருந்தால் தரை சும்மா இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தினமும் சோயாப் பாலைக் குடிப்பதற்கு முன் அந்த நேர்கோட்டை ஒருமுறை பார்த்துவிடுவாள்.

இப்போது அந்தக் கோடே இல்லை. சாதனங்களின் பட்டியலைத் திறந்தால் வரிசையாக மஞ்சள் முக்கோணங்கள்.

"அது என்ன, ரோட்டுல போடுற எச்சரிக்கைப் பலகை மாதிரி?" என்று அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான் தெங்-கோ.

"ட்ரைவர் போயிடுச்சுன்னு அர்த்தம். வண்டி நல்லாத்தான் இருக்கு. அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளை நம்ம துரத்திவிட்டுட்டோம்."

"ஓட்டத் தெரிஞ்ச ஆள் போனா வண்டி நகராதுன்னு இப்பவாவது இந்த வீட்டுல ஒருத்தருக்குப் புரிஞ்சுதே."

"உன் போனைக் குடு."

"எதுக்கு?"

"வைஃபை ட்ரைவரை இன்டர்நெட்டுல இருந்து இறக்கணும். இன்டர்நெட் வர வைஃபை ட்ரைவர் வேணும். உன் போனைக் கம்பியில மாட்டினா அது வழியா இன்டர்நெட் வரும்."

போனைக் கொடுக்கும்போது அவன் முகம் போன போக்கைப் பார்த்தால் கிட்னியைக் கேட்ட மாதிரி இருந்தது. வைஃபை வந்தது. முதல் முக்கோணம் மறைந்தது. அடுத்தது ஒலி. கம்ப்யூட்டர் தானாகவே ஏதோ ஒரு பொது ட்ரைவரை எடுத்துப் போட்டுக்கொண்டது. இடது ஸ்பீக்கர் மட்டும் கரகரத்தது. அதை வேரோடு நீக்கி, தயாரித்த கம்பெனியின் ட்ரைவரைத் தேடிப் போட்டாள். அப்போதும் சத்தம் இல்லை. ஸ்பீக்கருக்கும் ட்ரைவருக்கும் நடுவே வைரஸ் ஒரு பதிவைச் செருகி வைத்திருந்தது. ஆள் செத்தும் அவன் போட்ட பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. தேடிப் பிடித்து அந்தப் பதிவை அழித்துவிட்டுத் திரும்ப இயக்கியபோது, இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றாகக் கண் விழித்தன. தெங்-கோ மைக்கை எடுத்து ஒரு வரி பாடினான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ரசிகன்" என்றான்.

கடைசியாகப் பெட்டி. அதன் பழைய ட்ரைவர் பென்டிரைவில் பத்திரமாக இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அதை ஏற்க மாட்டேன் என்றது. அதை எழுதியவர்களின் டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகிவிட்டதாம். சியூ-மான் குழுவின் பொறுப்பாளர் பெய்-லானுக்குப் போன் போட்டாள். தெற்கே, தைத்துங் பக்கத்தில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் தங்கும் விடுதி நடத்துகிற பெண்மணி. பின்னால் யாரோ மீன் ஏலம் கூவுகிற சத்தம் கேட்டது.

"பழசைத் தூக்கிப் போடும்மா" என்றாள் பெய்-லான். "போன மாசம் புதுசு எழுதியிருக்காங்க. இப்பவே அனுப்புறேன். போட்டுட்டுச் சொல்லு. சாயந்திரம் எனக்கு ஒரு பஸ் நிறைய ஆளுங்க வர்றாங்க, அதுக்குள்ள சொல்லு."

புதிய ட்ரைவர் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துகொண்டது. கடைசி மஞ்சள் முக்கோணமும் போயிற்று. சியூ-மான் பெருமூச்சு விட்டு, கோடு வரும் ஜன்னலைத் திறந்தாள்.

கோடு நேராக இல்லை.

துள்ளவும் இல்லை. நிலநடுக்கம் என்றால் சட்டென்று ஊசி மாதிரி எழுந்து அடங்கும். அது அவளுக்குப் பழக்கம். இது வேறு. மெல்லப் புடைத்து, மெல்ல வளைந்து இறங்கி, மறுபடி எழுந்து, நிற்காமல் நெளிந்துகொண்டே இருந்தது. தூங்குகிற பெரிய மிருகத்தின் விலா மாதிரி.

அவள் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மேலே தொங்கும் விளக்கும் அசையாமல் இருந்தது.

"ட்ரைவர் சரியில்ல" என்றாள்.

"இப்பத்தானே போட்ட?"

"அதான் சொல்றேன், சரியாப் பிடிக்கல."

எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். கோடு நெளிந்தது. கம்பியை மாற்றினாள். முன்பக்கத் துளையிலிருந்து பிடுங்கிப் பின்பக்கத் துளையில் செருகினாள். நெளிந்தது. பெட்டியின் திருகாணிகளை இறுக்கினாள். ஃப்ரிட்ஜை அணைக்கச் சொன்னாள். காற்றாடியை நிறுத்தச் சொன்னாள். வியர்வை வழிய இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நெளிந்தது. தெங்-கோ மாடிக்குப் போய், மேல் வீட்டுக்காரரிடம் துணி துவைக்கிற மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வந்தான்.

"அங்க மெஷினே ஓடல. அந்த ஆள் தூங்கிக்கிட்டிருந்தார். இப்ப முழிச்சுட்டார், நம்ம மேல கோவமா இருக்கார்."

"நீ கொஞ்சம் அசையாம உக்காரு."

"நான் உக்காந்துதான் இருக்கேன்."

"காலை ஆட்டாத."

"ஆட்டல. மூச்சையும் நிறுத்தணுமா?"

அவள் மனசில் வேறு ஒரு பயம் புகுந்துகொண்டிருந்தது. வைரஸ் போகவே இல்லை. எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு பெட்டி அனுப்புகிற எண்களைக் கலைத்துப் போடுகிறது. அப்படியானால் இனி இந்தக் கோட்டை நம்பவே முடியாது. நேராக வந்தாலும் நம்ப முடியாது.

மறுபடியும் ஒருமுறை முழுக்கச் சலித்துப் பார்க்கலாம் என்று மவுஸில் கை வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் ஒருவர் எழுத்தைப் படிக்கும்போது கருவிழி எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. நெளிவு ஒரே அளவில் இல்லை. சில நெளிவுகள் சேர்ந்து பெரிதாகி, பிறகு கைகோத்துக்கொண்டே சின்னதாகி, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி பெருகின. கெட்டுப்போன கம்பி இப்படிச் செய்யாது. மின்சார இரைச்சல் இப்படிச் செய்யாது. எதிலோ இதைப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எதில் என்று பிடிபடவில்லை.

பெய்-லானுக்கு மறுபடி போன் போட்டாள்.

"அக்கா, கோடு நெளியுது. எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்."

"எப்படி நெளியுது?"

சியூ-மானுக்கு வார்த்தையில் சொல்ல வரவில்லை. திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். எதிர்முனையில் மீன்காரர்களின் கூச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். கூச்சல் அடங்கிற்று.

"இரு, என்னோடதை அனுப்புறேன்" என்றாள் பெய்-லான்.

வந்த படத்தைப் பார்த்ததும் முதலில் அது தான் அனுப்பிய படமே திரும்பி வந்ததோ என்று நினைத்தாள். இல்லை. ஓரத்தில் ஊர்ப் பெயர் வேறு. மலைகளும் ஆறுகளும் தாண்டி, ரயிலில் போனால் மத்தியானம் முழுக்க ஆகிற தூரத்தில் இருக்கிற ஒரு வீட்டுத் தரை. அதே புடைப்பு, அதே போல் கூடிப் பெருகி, ஓய்ந்து, மறுபடி பெருகுகிற கோடு.

"உன் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்லம்மா" என்றாள் பெய்-லான். அவள் குரலில் அதுவரை இருந்த அவசரம் போயிருந்தது. "அது கடல்."

"கடலா?"

"பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கால ஒரு புயல் நிக்குது. நியூஸ்ல பாத்திருப்ப. இங்க வந்து சேருமோ சேராதோ, அதுக்குள்ள அது கிளப்பிவிட்ட அலைங்க நாலா பக்கமும் கிளம்பிடுச்சு. அலையும் அலையும் நேருக்கு நேர் மோதும்போது கடலோட அடித்தரையைக் குத்துதாம், ஒரு அலைக்கு ரெண்டு குத்து. அந்தக் குத்து பாறை வழியாவே வந்து உன் வீட்டுக்குள்ள நுழையுது."

"இத்தனை வருஷமா கோடு நேராத்தானே இருந்தது, அக்கா?"

"பழைய ட்ரைவர் மெதுவான அசைவையெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தைத்தான் உனக்குக் காட்டும். நிலநடுக்கம் மட்டும் தெரிஞ்சாப் போதும்னு நெனச்சு எழுதியிருக்காங்க. புதுசு எதையும் வெட்டாது. கடல் சும்மா இருக்கிற நாள்லயும் இது கொஞ்சம் இருக்கும்மா. எப்பவுமே இருந்தது."

போனை வைத்த பிறகும் சியூ-மான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி நீலமாக இருந்தது. எதிர்வீட்டுக் கொடியில் சட்டைகள் அசையாமல் தொங்கின. காற்றே இல்லை. இங்கே யாருக்கும் தெரியாமல், கண்ணுக்கெட்டாத ஏதோ ஒரு நடுக்கடலில் சுழல்கிற புயல், அவள் வீட்டுக் கூடத்துத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"புளுகு" என்றான் தெங்-கோ. "கடற்கரைக்கு இங்கேர்ந்து காரில போகணும். அவ்வளவு தூரம் தாண்டி அலை எப்படித் தெரியும்?"

"போய்ப் பாரு. பாத்துட்டுப் போன் பண்ணு."

அவனுக்கும் ஆவல் இருந்திருக்க வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டான். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பின்னால் கூழாங்கற்கள் உருள்கிற பேரிரைச்சல்.

"அ-மான்! காத்து ஒரு பொட்டு இல்ல, அலை வீடு உயரத்துக்கு வருது! கடலோரக் காவல்காரங்க விசில் ஊதி எல்லாரையும் மேல ஏத்திக்கிட்டிருக்காங்க."

"ஒவ்வொண்ணும் விழும்போது சொல்லு."

"வருது... வருது... விழுந்துடுச்சு!"

அவள் திரையைப் பார்த்தாள். "ம். அடுத்தது?"

"அவசரப்பட்டா அது வருமா? நிதானமாத்தான் வருது... இந்தா, விழுந்தது!"

இந்த அலைக்கு இந்த நெளிவு என்று ஒன்றுக்கொன்று பொருத்த முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. திரையில் இருப்பது ஒரு கரையில் விழுகிற ஒரு அலை இல்லை. ஒரு சமுத்திரத்தின் மொத்தம். ஆனால் தாளம் இருந்தது. அவன் ஒரு அலையைச் சொல்லி அடுத்ததைச் சொல்வதற்குள் கோடு இரண்டு தடவை எழுந்து இறங்கியது. மறுபடியும் அப்படியே. அவன் கத்த, இங்கே கோடு இரண்டு தடவை. அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"என்ன ஆச்சு? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள். "வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காவல்காரர் ஒருவர் கயிறு கட்டிய இடத்தைத் தாண்ட விடவில்லை. தூண்டில்காரர்கள் இருவர் கூடையைத் தூக்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மேலே ஏறி வந்தார்கள். நீளமான, வழவழப்பான அலைகள், அவசரமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்து இடிந்து விழுந்தன. ஒவ்வொன்றும் பின்வாங்கும்போது கரை முழுக்கக் கற்கள் ஒன்றையொன்று உரசி உருண்டன.

சியூ-மான் கடலை அதிக நேரம் பார்க்கவில்லை. அது தெங்-கோவுக்கு வியப்பாக இருந்தது. அவள் திரும்பி, மேற்கே பார்த்து நின்றாள். அங்கே மலைகள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற மலைகள். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, அசையாமல் நின்றன.

"என்ன பாக்குற?"

"அதுவும் ஆடுது."

"எது?"

"மலை. தரை ஆடினா மலை மட்டும் சும்மா நிக்குமா? அது, அதுக்குள்ள போற சுரங்கப்பாதை, பாதைக்குள்ள போற ரயில், ஆஸ்பத்திரி, நம்ம வீடு, என் கடை, எல்லாம். இந்தக் கடல் கூடவே மெதுவா ஏறி இறங்குது. நம்ம பொறந்ததிலேர்ந்து."

தெங்-கோ ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தான். மலையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கோயிலுக்குள் நுழைகிறவன் மாதிரி.

பயப்பட வேண்டியவள்தான். தரை சும்மா இருக்கிறது என்று நம்பித்தானே அத்தனை நாள் தூங்கினாள்? அது ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் தனக்குள் தேடிப் பார்த்தபோது பயம் அந்த இடத்தில் இல்லை. இத்தனை பெரிய ஒன்று, இத்தனை பொறுமையாக, தன் கட்டிலுக்கடியில் இத்தனை காலம் அசைந்துகொண்டே தன்னைத் தூங்கவும் விட்டிருக்கிறதே என்ற நினைப்புதான் இருந்தது. காவல்காரர் வந்து "இருட்டப் போகுது, கிளம்புங்க" என்று சொல்லும்வரை இருவரும் நின்றார்கள்.

புயல் ஹுவாலியனுக்கு வரவில்லை. வடக்கே திரும்பி ஜப்பான் பக்கம் போனது. ஊரில் மழை கொட்டித் தீர்த்தது, ஒரு மாமரம் சாய்ந்தது, அவ்வளவுதான். கோடு நாளுக்கு நாள் மெலிந்தது. முழுக்க நேராகவில்லை, உற்றுப் பார்த்தால் நூல் மாதிரி ஒரு நெளிவு எப்போதும் இருந்தது. பழைய மாதிரி நேர்கோடாகத் தெரிய வேண்டுமென்றால் புதிய ட்ரைவரிலும் அதற்கு வழி இருக்கிறது, சொல்லித் தரட்டுமா என்று பெய்-லான் கேட்டாள்.

"வேண்டாம் அக்கா" என்றாள் சியூ-மான். "இருக்கிறது அப்படியே தெரியட்டும்."

தெங்-கோவால்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. டாக்ஸியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னான். பாதிப் பேர் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஒரு பெண் பயந்துபோய் வேறு ஊரில் வீடு பார்க்கப் போவதாகச் சொல்லி இறங்கினாளாம்.

ஒரு மத்தியானம் சியூ-மான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வந்தபோது, கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நின்றிருந்தார். நல்ல கோட் போட்டிருந்தார், கையில் சூட்கேஸ். ரயிலுக்குப் போகிற வழியில் தெங்-கோ கூட்டி வந்துவிட்டானாம். தைப்பேயில் ஏதோ அலுவலகம்; மூன்றாம் மாடிக்கு மேல் ஏறினாலே தலை சுற்றுமாம். ஷூவை வாசலில் விட்டுவிட்டு வந்தவர், கையில் இருந்த சூட்கேஸைக் கீழே வைக்க மறந்து, திரையின் முன் நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார், அவள் பக்கம் திரும்பாமலே. "இது நேத்துப் பதிவு பண்ணினதா?"

"இல்லீங்க. இப்ப."

"இப்பன்னா?"

"இப்ப, நீங்க நிக்கிற இடத்துல."

அவர் குனிந்து தன் காலுறைகளைப் பார்த்தார். பிறகு தன் எடை தரையைக் கலைத்துவிடப் போகிறதோ என்பது போல, மெல்ல, மிக மெல்ல, சூட்கேஸைக் கீழே வைத்தார். கோடு லேசாக ஒரு துள்ளு துள்ளியது. அதன் பின் தன்பாட்டில் நெளிந்துகொண்டு போயிற்று.

வாசலில் தெங்-கோ ரயில் நேரத்தை நினைவுபடுத்தினான். அவர் அசையவில்லை.